முதல் பாட்டில்

கொரட்டூர் ஏரியில் ஆறு இடங்களில் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்து, அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. துறையில் இருந்த ஃப்ரிட்ஜில் இடம் கிடைக்கவில்லை. அதனால் ஏழு மாதத்துத் தண்ணீர், நாற்பத்திரண்டு சின்ன பாட்டில்களில், நான் தங்கியிருந்த அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. நான் ஒட்டிய தேதிக்கும் இடத்துக்கும் கீழே, ‘குடிக்கக் கூடாது’ என்று அக்கா சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். மாவுப் பாத்திரம் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அந்த ஏழு மாதமும் நான் என் நெறியாளரைப் பார்க்கவில்லை. தலைப்பு முடிவானபோது மேடம், தண்ணீர் எடுக்க ஆரம்பியுங்கள், இடையிடையே வந்து பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். இடையிடையே போய் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். பெரிய மனிதர்களைப் பார்க்க வெறும் கையோடு போகக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன். மேடத்திடம் கொண்டு போக வேண்டியது பழமல்ல, முடிவுகள் என்பது என் கணக்கு. ஒரு வருடத்துத் தண்ணீரையும் சேர்த்து ஒரே வாரத்தில் கருவியில் போட்டு, அட்டவணையோடு போய் நிற்பதாக இருந்தேன். அதுவரை அவர் கண்ணில் படாமல் இருக்கப் பின்பக்கப் படிக்கட்டைப் பயன்படுத்தினேன். அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

பிறகு துறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் அரையாண்டு முன்னேற்ற அறிக்கை வரவில்லை. நெறியாளரின் கையெழுத்தோடு மாத முடிவுக்குள் தராவிட்டால் என் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைப்பார்கள். பதிவு போனால் படிப்பு போகும். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் சுற்றினேன். வீட்டில் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல, பரீட்சை எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா, அக்காவின் கணவர், வஞ்சிரம் வாங்கி வந்தார். அதை வைக்க ஃப்ரிட்ஜில் இடமில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தவர், எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“இன்னா மச்சான், இத்தினி ரொப்பி வச்சிகினு கீற. மொத பீஸை யாராண்ட காட்டுன?”

யாரிடமும் காட்டவில்லை, எல்லாம் முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

“லாட்டு மொத்தம் ஓட்டிட்டா? நானு அப்டி ஓட்டுனா, மறுநாள் கேட்டாண்டயே நிக்க வச்சிடுவானுங்க.”

மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். அங்கே புது வேலை ஏற்றினால், முதலில் வரும் ஒரே ஒரு பீஸை அளவு பார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும். அவர் அளந்து அட்டையில் கையெழுத்துப் போடும்வரை மெஷின் இரண்டாவது பீஸை வெட்டாது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தப்பாக இருக்கும் என்று நினைத்துத்தானே காட்டுவதே என்று சொல்லிக்கொண்டே மீனைக் கழுவ எழுந்து போனார். அவருக்கு அது பேச்சுவாக்கில் வந்த கேலி. நான் அன்று ராத்திரியே உட்கார்ந்து முதல் மாதத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

மறுநாள் முதல் மாதத்தின் முதல் பாட்டிலையும், அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு முன்பக்கப் படிக்கட்டில் ஏறினேன். மேடம் என்னைப் பார்த்து, நீங்கள் ஏதோ வேலைக்குப் போய்விட்டதாக நினைத்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குறிப்பைப் படித்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கரையிலேயே ஆசிட் விட்டீங்களா?”

“எதுக்கு மேடம்?”

அவர் பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்தார். தண்ணீர் எடுத்தவுடன் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடாவிட்டால், உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாள் ஆக ஆகக் கருவி குறைத்துத்தான் காட்டும். முதல் மாதமே வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன் என்றார். நாற்பத்திரண்டு பாட்டில்களில் எதையும் நம்ப முடியாது.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுதச் சொன்னார். மாதிரிகள் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை, முறை திருத்தப்பட்டு மீண்டும் தொடங்குகிறது என்று இரண்டு வரி எழுதினேன். அப்படி எழுதிய அறிக்கைக்கு யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். போட்டார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பக்கம், தப்போ சரியோ, கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பதிவு தப்பித்தது. ஏழு மாதம் தப்பிக்கவில்லை.

அந்த வாரமே புதிதாக ஒரே ஒரு பாட்டில் எடுத்து, கரையிலேயே அமிலம் விட்டு, மதியத்துக்குள் மேடத்திடம் கொண்டு போனேன். சாயங்காலம் மாமா வேலையிலிருந்து வந்ததும், முதல் பீஸ் பாஸாகிவிட்டதா என்றுதான் கேட்டார். இல்லை, மூடியைச் சரியாகக் கழுவவில்லையாம், நாளைக்குத் திரும்ப எடுத்து வரச் சொல்லிவிட்டார் என்றேன்.

மாமாவுக்கு முகம் மலர்ந்தது.

“அப்போ ஒயுங்காதான் பாக்குறாங்க,” என்றார். பழைய பாட்டில்கள் போய்க் காலியாக இருந்த தட்டில் அக்கா மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஓரமாக ஒரு பாட்டிலுக்கு இடம் விடச் சொன்னேன்.