இரண்டாவது கடிதம்

எண்பதுகளின் நடுவில் துபாயில் ஓர் ஆங்கிலேயப் பெரியவருக்குத் தட்டச்சு செய்துகொடுத்தேன். பகலில் தேராவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. வாரத்தில் மூன்று பின்னேரங்கள் ஜுமைராவில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போவேன். பாட்டனார் மந்திரி, தகப்பனார் தூதர். இவரும் தூதராக இருந்து ஓய்வுபெற்று, ஒரு கம்பனிக்கு ஆலோசகராக அங்கேயே தங்கிவிட்டவர். குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். கொடுத்த வாக்கை அந்தக் குடும்பத்தில் யாரும் மீறியதில்லை என்பதை மட்டும் நான்கு அத்தியாயங்களிலாவது தட்டியிருப்பேன்.

என்னை மரியாதையாக நடத்தினார். கதவைத் தானே திறந்துவிடுவார், தேநீரைத் தானே ஊற்றித் தருவார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்ததை, ஊர்க்காரரிடம்கூட முழுதாகச் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

தமிழ் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போன காலம். தம்பி கொழும்பில் ஒரு சிநேகிதனின் அறையில் ஒளிந்திருந்தான். லண்டனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, விசாதான் வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இதற்கா இவ்வளவு தயக்கம்? என் மருமகன் அங்கே உள்துறை அமைச்சில் பெரிய பதவியில் இருக்கிறான். இப்போதே எழுதுவோம்," என்றார்.

அவர் சொல்ல நானே தட்டினேன். 'இந்த இளைஞனுக்கு நான் பொறுப்பு' என்ற வரியைத் தட்டிவிட்டு இன்னொருமுறை வாசித்துப் பார்த்தேன்.

"அந்த மனிசன் கையெழுத்துப் போட்டால் காணும். நீர் இனி நிம்மதியா நித்திரை கொள்ளும்," என்றார் என் கணவர்.

அடுத்த முறை போனபோது தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் தாள் கிடந்தது. நான் வராத நாளில் அவரே ஏதோ தட்டியிருந்தார். தாள் இன்னும் உதவுமா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. மருமகனுக்கு எழுதியது. முந்திய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம், தட்டச்சுக்காரியின் மனம் நோகாமலிருக்க எழுதினேன், இவர்கள் வந்தால் திரும்பிப் போகமாட்டார்கள் என்றிருந்தது.

"சேர், இது நீங்கள் எழுதியதா?"

வாங்கிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"நீங்கள் கேட்டதைச் செய்தேன். என் நாட்டுக்கும் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. அதையும் செய்தேன்."

"முடியாது என்று என்னிடமே சொல்லியிருக்கலாமே."

"அது உங்களை நோகடித்திருக்கும்," என்றார், உண்மையான அக்கறையோடு. பிறகு எனக்குத் தேநீர் ஊற்றினார்.

அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். டாக்சி கிடைக்கவில்லை. பெரிய வீதிவரை வெயிலில் நடந்தேன். விசாவைவிட, எங்கள் வீடு எரிந்த கதையைப் போயும் போயும் இவரிடம் சொன்னேனே என்பதுதான் வழியெல்லாம் என்னை அறுத்தது. அந்த வாரமே அவர் அடுத்த அத்தியாயத்தைக் கையால் எழுதித் தன் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.

தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்குள் போய், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். அங்கிருந்து முதல் தடவை போன் எடுத்தபோது சொன்னான்:

"அக்கா, உங்கட சேர் எனக்காக எவ்வளவு முயற்சி செய்தவர். நான் நன்றி சொன்னதெண்டு சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன்," என்றேன்.