பதினேழாம் தேதியின் பகா எண்

மின்விசிறியை ஸி மொன்ஸிஃப் தன் பக்கம் திருப்பிக்கொள்வதே இல்லை. ஆகஸ்டு மாதத்து ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். காற்று முழுவதும் கணினிக்குத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; 'ஸி' அந்த ஊர் மரியாதைச் சொல். மனைவியிடம் உப்புக் கேட்டாலும், பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிற தொனி போகவில்லை.

தெருமுனைக் காப்பிக்கடை ரித்தா விடாமல் சீண்டுவார்: "என்ன ஸி மொன்ஸிஃப், முட்டை பொரிஞ்சுதா?"

"கூமுட்டை நிறைய வரும்யா. ஒண்ணு பொரிஞ்சாப் போதும்."

அவர் தேடியது, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல வரும் ஒரு பெரிய பகா எண். இரண்டு முனையிலும் ஒன்று. நடுவில் மகன் ஹைதம் பிறந்த தேதி 17031999, அதை ஒட்டி அதே இலக்கங்கள் தலைகீழாக. மொத்த இலக்கங்கள் இரட்டைப்படையானால் பதினொன்று வகுத்துவிடும். அதனால் நட்டநடு ஒன்பது இரு பக்கத்துக்கும் பொது. மிச்ச இடமெல்லாம் சுழியம். எண் வகுபட்டால் இருபுறமும் ஒரு சுழியம் கூட்டி மறுபடி சோதனை.

ஹைதம் பிழைப்புத் தேடி, கடலுக்கு அப்பால் இருக்கும் லம்பெடுசா தீவுக்குக் கள்ளப் படகேறியவன். படகு கவிழ்ந்தது, உடல் கரை சேரவில்லை. அவன் கணக்குப் பரீட்சையில் தோற்றதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். இப்போது, எதனாலும் உடைக்க முடியாத ஓர் எண்ணுக்குள் அவனை வைத்துவிடப் பார்த்தார்.

போன வாரம் அகப்பட்டது. ஆயிரக்கணக்கான இலக்கங்கள், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. அச்சடித்த தாள்களோடு அடுக்களைக்குள் ஓடினார். மனைவி ஸக்கியா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாரு ஸக்கியா, நம்ம புள்ள! இனிமே இவனை யாராலயும் பிரிக்க முடியாது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பதினேழா? அவன் பதினாறுல்ல பொறந்தான்."

"பதிவுல பதினேழுதான்."

"கெர்கெனா தீவுல, எங்கம்மா வீட்டுல பொறந்தான். நீ பரீட்சைத்தாள் திருத்திட்டு மறுநாள் கப்பல்ல வந்த. வந்த நாளையே பதிஞ்சுட்ட. நான் அப்பவே சொன்னேன்; நீதான் 'ஒரு நாள்தானே, குடியா முழுகிடும்'னு கேட்ட. வருஷாவருஷம் நீ கேக் வாங்கிட்டு வர்றதுக்கு முந்தின நாளே, நானும் அவனும் மீன் குஸ்குஸ் தின்னு கொண்டாடி முடிச்சிருப்போம்."

அவர் தாளைக் குனிந்து பார்த்தார். ஏழு இருந்த இடங்களில் ஆறை வைத்து, இலக்கங்களை உதட்டுக்குள் கூட்டினார். அறுபத்தொன்பது.

"என்ன முணுமுணுக்கிற?"

"மூணால போகும்."

"அப்படின்னா?"

"எத்தனை சுழியம் சேர்த்தாலும் கூட்டுத்தொகை மாறாது, ஸக்கியா. பதினாறை வெச்சா... என்னைக்குமே பகா எண் வராது."

ஸக்கியா மீனை மறுபடி கையில் எடுத்தாள்.

"செத்தும் உன்கிட்ட ஃபெயில்தானா அவன்?"

மொன்ஸிஃப் அறைக்குத் திரும்பினார். ஏழுகளை அழித்துவிட்டு ஆறு தட்டினார். கணினி கண் இமைக்கும் முன் சொல்லிவிட்டது: வகுபடும். இருபுறமும் ஒரு சுழியம் சேர்த்து, மறுபடி ஓடவிட்டார்.