கரியில் பஸ் ஓட்டிய பக்கீர் முகமது

பக்கீர் முகமது பிறந்தபோது அழவில்லை, இஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம்தான் வந்ததாம். அவர் வால்வைத் திறந்துவிட்டால்தான் வைகையில் தண்ணீரே ஓடுமாம். வெள்ளைக்காரன் மதுரைக்கு ரயில் விட்டதுகூட, இவர் பிறக்கப்போகிற சேதி முன்கூட்டியே தெரிந்ததால்தானாம். இப்படியெல்லாம் சொல்பவள் அவருடைய தங்கை ஷரீபா. இதையே குழம்பாக ஊற்றிப் பன்னிரண்டு வருஷம் சோறு தின்றவன் அவள் புருஷன் சேக் மைதீன்.

மைதீனும் பக்கீரும் ஒரே பஞ்சாலையில் இஞ்சின் பழுது பார்க்கிற பிட்டர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் பக்கீர் வேலையை விட்டார். விட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேஸ்திரியைப் பார்த்து ‘ஒனக்கு இஞ்சினப் பத்தி என்னய்யா தெரியும்’ என்று கேட்டார், மேஸ்திரி வாசலைக் காட்டினார். பக்கீர் மைதீனையும் இழுத்துக்கொண்டு வந்து தெற்குவாசலில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்.

“பெட்ரோலு ஒருநா இல்லாமப் போயிரும் மாப்ள. அன்னைக்கு பஸ்ஸெல்லாம் கரியிலதான் ஓடும்” என்றார்.

அப்போது பெட்ரோலை ஆள் கூப்பிட்டு ஊற்றிக்கொண்டிருந்த காலம். தெருவே சிரித்தது. மைதீன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான். பிறகு யுத்தம் வந்தது, பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது, தெரு வாயை மூடிக்கொண்டது. மைதீனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தார் டிரம்மில் கரியை எரித்து, அதில் வருகிற கேஸைக் குழாய் வழியாக பஸ் இஞ்சினுக்கு அனுப்புவது பக்கீரின் யோசனை. அந்த டிரம்முக்கு அவர் வைத்த பேர் பிளாண்ட். டிரம்மை வெட்டியதும் ரிவிட் அடித்ததும் கரி சலித்து மூஞ்சி கருத்ததும் மைதீன். ரிவிட் ஒரு நூல் தள்ளிப்போனால் பக்கீர் டிரம்மை நடுத்தெருவில் உருட்டிவிடுவார். வேலைக்கு வந்த மூன்று பேர் ஓடிப்போனார்கள். மைதீன் ஓடவில்லை. ஓடினால் வீட்டுக்குத்தான் ஓட வேண்டும், அங்கே ஷரீபா இருந்தாள். பக்கீரின் கை வெந்த நாளில் எண்ணெய் தடவி, சோறு பிசைந்து ஊட்டியவனும் அவன்தான். ஊட்டும்போதும் அவர், “உப்பு பத்தல” என்றார்.

நாற்பத்திரண்டு சித்திரையில் திருமங்கலம் பஸ் முதலாளி நல்லகாமன் வந்தார். பக்கீரின் பிளாண்ட் வைத்த பஸ் அதற்குமுன் இரண்டு தடவை கப்பலூர் மேட்டில் நின்று, ஜனங்கள் இறங்கித் தள்ளியிருந்தார்கள்.

“இன்னும் ஒரே ஒரு வாட்டி பாய். மேட்டுல நிக்காமத் திருமங்கலம் வந்து சேந்துட்டா, என் ஆறு பஸ்ஸுக்கும் ஒங்க பிளாண்டுதான்” என்றார்.

பித்தளையில் எழுத்து வெட்ட மைதீனுக்கு நல்ல கை. ‘பக்கீர் பிளாண்ட், மதுரை’ என்று சீட்டில் எழுதி, பிளாண்டில் அடிக்க ஒரு தகட்டையும் கொடுத்தார் பக்கீர்.

“எம் பேரு மச்சான்?”

“எடம் பத்தாது மாப்ள.”

அந்தத் தகட்டில் இன்னும் இரண்டு குடும்பத்தின் பேரை எழுதலாம். மைதீன் வெட்டினான். யுத்தம் முடியும்வரை விளாங்குடியிலும் திருமங்கலத்திலும் பஸ்களின் முதுகில் மின்னிய தகடு அதுதான். எழுத்து இவனுடையது, பேர் அவருடையது.

கரியில் ஈரமே ஆகாது என்பது பக்கீர் தினமும் ஓதுகிற பாடம். வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பார்ப்பார். தகடு வெட்டிய மறுநாள்தான் திருமங்கலம் ஓட்டம். காலையில் அவர் தொழப் போன நேரத்தில், மைதீன் மூட்டைகளில் செம்பு செம்பாகத் தண்ணீர் தெளித்தான். மேலாக மட்டும் காய்ந்த கரியைப் பரப்பி வைத்தான்.

பக்கீர் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, டிரைவர் மருது பஸ்ஸை எடுத்தான். மைதீன் கடைசி சீட்டில், டிரம்முக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கப்பலூர் மேடு வந்தது. நில்லு, நில்லு என்று பஸ்ஸிடம் மனசுக்குள் கெஞ்சினான். பஸ் ஒரு முக்கல்கூட முக்காமல் ஏறிப் போனது.

“பெட்ரோல்ல போற மாதிரியில்ல இழுக்குது. இன்னைக்கு என்னண்ணே போட்டீக?” என்று கேட்டான் மருது.

பக்கீர் திரும்பி டிரம்மைப் பார்த்தார். மைதீனின் கைகள் அவனைக் கேட்காமலே சேர்ந்து தட்டிவிட்டன. தட்டிய கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

திருமங்கலத்தில் நல்லகாமன் மாலையோடு நின்றார். மாலை பக்கீர் கழுத்துக்குப் போனது. மைதீன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். மூன்று தடவையும் அதே டிரம், அதே பஸ், அதே மருது. இன்று புதிதாகச் சேர்ந்தது அவன் தெளித்த தண்ணீர் மட்டும். கேஸுக்கு வலுக் கொடுத்தது அந்த ஈரம்தான். அந்த மாலை அவனுடையது. ஆனால் வாயைத் திறந்தால், ஏன் தெளித்தாய் என்று கேட்பார்களே.

பக்கீர் மாலையோடு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குனிந்து, கேஸ் வடிகட்டியின் அடிமூடியைத் திறந்தார். தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது.

“மாப்ள, இங்க வா. இதுல இம்புட்டுத் தண்ணி வராதே.”

“பனியா இருக்கும் மச்சான்.”

“சித்திரையிலயா?”

மைதீன் பஸ் சக்கரத்தைப் பார்த்தான். பக்கீர் மூடியைத் திருகிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

“நீ எதுக்கு ஊத்துனேன்னு நான் கேக்கல, அது எனக்குத் தெரியும். மூட்டைக்கு எத்தன செம்பு, அத மட்டும் சொல்லு.”