அரை டன்காரர் டயர் வாங்கிய கதை

எங்கள் தெருவில் அவரை அரை டன்காரர் என்றுதான் சொல்வோம். அவர் காதுபடச் சொல்வதில்லை. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு கல், சிமெண்ட், மரம், பழைய பீரோ என்று எது கிடைத்தாலும் ஏற்றி இறக்குபவர். "எவ்வளவு பாரம்?" என்று யார் கேட்டாலும் "அரை டன்தான்" என்பார். முதன்முதலில் அதை எடை பார்க்கும் சாவடியில் சொன்னார் என்று கேள்வி. பிறகு போலீஸ்காரரிடம், மெக்கானிக்கிடம், மனைவியிடம். பல வருடம் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் வழவழப்பாகிவிட்டது. சொல்லும்போது அவருக்கே எங்கும் தடுக்காது.

மற்றபடி நிதானமானவர். நிதானம் என்பதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. ஒரு குடை வாங்க இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொண்டவர்.

போன மாதம் மலைப்பாதையில் அவருடைய வண்டி வழுக்கி நின்றுவிட்டது. நான்கு டயரும் தேய்ந்து மொட்டை. பின்னால் லாரியில் வந்த மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டார். இழுத்ததோடு விட்டிருக்கலாம். "மச்சான், அடுத்த தடவை வண்டிய என் லாரியிலயே ஏத்திருங்க, சிரமம் இல்லாம இருக்கும்" என்றும் சொல்லிவிட்டார்.

மலைமேல் ஒரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார்கள். தரைக்குப் பதிக்கும் கற்பலகைகளைக் கீழிருந்து கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரி கறாராகச் சொன்னார்: "வர்ற மாசம் முதல் திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நாப்பது பலகை மேல வந்து சேரணும். வந்தா மழைக்காலம் முடியுற வரைக்கும் ஓட்டம் உனக்குத்தான். இல்லேன்னா உன் மைத்துனன்கிட்ட பேசிக்கறேன்."

வேலை போனால்கூடத் தாங்கியிருப்பார். அது மைத்துனருக்குப் போவதைத் தாங்க முடியாது. அதனால் புது டயர். பாதி தூரம் தார்ச்சாலை, மீதி சேறும் சரளையும் என்பதால், எல்லாத் தரைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயர்.

மூன்று வாரம் ஆராய்ந்தார். சாலையோரம் நிற்கும் வண்டிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, டயரில் மேடாக நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே கட்டைவிரலை நுழைத்து ஆழம் பார்த்தார். நகம் முழுதும் மறைந்தால் தலையாட்டினார். வங்கி வாசலில் ஓர் அம்மாள், காற்றைத்தான் பிடுங்குகிறார் என்று நினைத்து, குடையால் முதுகில் இரண்டு போட்டார். வீட்டில் மனைவி துணி வெட்டுவதற்கு வைத்திருந்த காகிதத்திலெல்லாம் டயர் கோலம். இந்தப் பள்ளத்தில் சேறு ஒட்டுமா உதிருமா, இந்த இடுக்கில் கல் சிக்குமா என்று அம்புக்குறி வேறு.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ பத்து நிமிஷம்கூட உக்காரல. ஒரு டயருக்கு மூணு வாரமா?" என்றார் மனைவி. தையல் வேலை செய்பவர். அளவு விஷயத்தில் அவரை ஏமாற்றுவது கடினம்.

"உன்னைக் கூட்டிக்கிட்டு மலை ஏறப் போறேனா?"

"அதான் இருபது வருஷமா ஏறிக்கிட்டு இருக்கேனே."

சனிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து, இருக்கைக்குப் புது உறை போட்டுக்கொண்டு டயர் கடைக்குப் போனார். கடையை நடத்துபவர் நாற்பது வயதுப் பெண். டயரைத் தரையில் ஒரு முறை துள்ளவிட்டே அதன் வயதைச் சொல்லிவிடுவார் என்பார்கள். அது எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் கேட்க வேண்டியதை முதலில் கேட்டார்.

"எவ்வளவு ஏத்துவீங்கண்ணே?"

"அரை டன்தான்."

கேள்வி கேட்டவர் சாவடிக்காரர் அல்ல, தன் நன்மைக்காகவே கேட்கிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் பளபளக்கும் வண்டியைப் பார்த்தார், புது உறையைப் பார்த்தார், நம்பிவிட்டார். நூற்று நான்கு என்று பக்கவாட்டில் எண் போட்ட நான்கு டயர்களை உருட்டி வந்தார். அந்த எண் ஒரு டயர் தாங்கும் பாரத்தைக் குறிப்பது. நூற்று நான்கு என்றால் தொள்ளாயிரம் கிலோ, அதுவும் வண்டியின் சொந்த எடையையும் சேர்த்து; பின்னால் ஏற்றும் பாரமோ பெரும்பாலும் பின் டயர் இரண்டின் மேல்தான் விழும். நம்மவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கட்டைவிரலை நுழைத்தார். நகம் மறைந்தது. வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பலகைகளையும் ஏற்றி, தார்ப்பாய் மூடி, மனைவியை முன்னால் உட்காரவைத்து, ஒரு வெள்ளோட்டம் விட்டார். முதல் வளைவிலேயே வண்டி பின்பக்கம் நெளிந்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் இரண்டும், வாயில் சோற்றை அடைத்துக்கொண்ட குழந்தையின் கன்னம்போல் உப்பியிருந்தன. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று வார ஆராய்ச்சி வீணானதில் வந்த கோபம் வேறு. நேரே கடைக்குத் திருப்பினார்.

"மட்டமான டயரைத் தலையில கட்டிட்டீங்களேம்மா! நாளைக்கு நான் மலை ஏறணும்."

கடைக்காரப் பெண் சுற்றி வந்து பார்த்தார். "என்னண்ணே ஏத்தியிருக்கீங்க?"

"கல்லு."

"எவ்வளவு?"

"அரை டன்தான்."

இதை அவர் சொன்னபோது, தார்ப்பாய் அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேடிட்டிருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"நான் சின்ன வயசுலேர்ந்து டயரோடவே கெடக்கறேன். அரை டன்னுக்கு இது இப்படிப் பிதுங்காது. ஒண்ணு டயர் பொய் சொல்லணும், இல்ல..." என்று நிறுத்தினார் அந்தப் பெண். மரியாதை தெரிந்தவர்.

முன் இருக்கையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நாப்பது பலகை. ஒண்ணு முப்பத்தெட்டு கிலோ. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க."

"நீ எப்ப எடை போட்ட?"

"அரிசி மண்டித் தராசுல ஒண்ணை வெச்சுப் பாத்தேன். ஏங்க, இந்த அரை டன் கதையை எங்க வீட்ல யாருமே நம்பினதில்ல. நீங்க ஒருத்தர்தான் நம்பறீங்க."

அவர் டயரைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பொய் சொல்கிறவருக்குக் கேட்பவர் ஒருவராவது நம்ப வேண்டும். இத்தனை வருடம் வீட்டில் அவருக்கு அந்த வசதியும் இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை.

"ஒன்றரை டன்னுக்கு மேல இருபது கிலோ," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதை நேத்தே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்று கடைக்காரப் பெண் உள்ளே போய் நூற்றுப் பதினைந்து எண் போட்ட டயர்களை உருட்டி வந்தார். பக்கவாட்டில் கனம் கூடியது. ஒவ்வொன்றும் ஆயிரத்து இருநூறு கிலோ தாங்கும். கட்டைகளின் ஆழம் பழையதைவிட ஒரு நூல் குறைவு. நம்மவரின் கட்டைவிரல் தானாகவே போய் நுழைந்தது. நகம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. வாயைத் திறந்தார். மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணுண்ணே. டயர் தாங்கும். உங்க வண்டி தாங்காது. அச்சும் வில்லுப் பட்டையும் ஒரு டன்னுக்குத்தான் செஞ்சது. நீங்க ஏத்திட்டுப் போங்க, நான் வந்து தடுக்க முடியாது. ஆனா மலையில பிரேக்கு நிக்கலேன்னா என் டயரைத் திட்டாதீங்க."

அன்று மாலை பதினான்கு பலகைகளை இறக்கி வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அவர் செய்ததில் பாராட்டத் தக்கது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதைச் செய்யும்போது முனகிக்கொண்டேதான் செய்தார்.

திங்கட்கிழமை காலை இருபத்தாறு பலகையோடு மலை ஏறினார். முதல் நாள் மழையில் பாதை குழைந்து கிடந்தது. டயர்கள் சேற்றைக் கவ்வி, உதறி, அடுத்த அடிக்குக் கவ்வின. வழுக்கிய இடத்தில் இம்முறை வழுக்கவில்லை. ஆனால் அவர் மனம் பாதையில் இல்லை. பாதிக்கு மேல் கொஞ்சம்தான் கொண்டுவந்திருக்கிறோம், மேஸ்திரி என்ன சொல்வாரோ என்பதிலேயே இருந்தது.

மேஸ்திரி பலகைகளை எண்ணினார். "இருபத்தாறு."

"ஆமா. ஒரு நடைக்கு ஒரு டன்தான் ஏத்த முடியும். மிச்சம் பதினாலு மத்தியானத்துக்குள்ள வந்துரும். இதுக்கு மேல வண்டி தாங்காது. மைத்துனனைக் கூப்பிடறதுன்னா கூப்பிட்டுக்கோங்க."

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு டன்னா? உன் வண்டி அரை டன்தான் ஏத்தும்னு ஊரே சொல்லுது. நான் மூணு நடைன்னு கணக்குப் போட்டு, இறக்க ஆளை சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன். ரெண்டே நடையில முடிச்சுருவியா?"

அவர் தலையைச் சொறிந்தார். குறைத்துச் சொன்னோமா கூட்டிச் சொன்னோமா என்று அவருக்கே விளங்கவில்லை.

"சரி, ஓட்டம் உனக்குத்தான். இன்னிக்குப் பரவால்ல, தூறல்தான். நல்ல மழை பெய்யற அன்னிக்கு எவ்வளவு ஏத்துவே? சரியாச் சொல்லு, அதுக்குத் தகுந்தாப்ல நான் ஆள் வைக்கணும்."

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் டயருக்குப் பக்கத்தில் குந்தி, பக்கவாட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். எழுந்து, கால் பதியும் ஆழத்துக்குச் சேற்றை மிதித்துப் பார்த்தார். இறக்குவதற்கு வந்த ஆட்கள் பீடியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"எண்ணூறு கிலோ," என்றார் கடைசியில்.

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சாரப்பலகையில் எண்ணூறு என்று எழுதிக்கொண்டார்.