விரலில் வழுக்கின ஒயில்

அன்றைக்குத் தொண்டைமானாற்றுக் கரையில் பழுதாப்போன என்ரை படகு எஞ்சினைச் சுற்றி நான் நின்றேன், மச்சான் நின்றான், எஞ்சின் திருத்துற பாஸ் நின்றார், எஞ்சின் ஒயில் விக்கிறவரும் நின்றார். அந்த எஞ்சின்தான் எங்கடை சோறு.

ஒயில்காரர் மெலிஞ்ச மனிசர். விக்க முன்னம் ஒரு துளியை எங்கடை விரலில் தேய்ச்சுக் காட்டுவார். வழுக்கினால் நல்லது என்று வாங்குவோம். என்ரை மகளின்ரை கலியாணத்தில் பந்தி பரிமாறினவர்.

பாஸ் பிஸ்டனைக் கழற்றினார். உள்ளே உருக்குச் சுவரெல்லாம் கீறல்.

"இது பழைய ஒயில், வடிச்சு வித்திருக்கு. இரும்புத்தூள் அப்பிடியே கிடக்கு. கையில வழுக்கும், எஞ்சினை அராவும்."

"தெரிஞ்சோ தந்தனீர்?" என்று ஒயில்காரரைக் கேட்டேன்.

"ஓம் அண்ணை. உங்களை மட்டும் ஏமாத்தேல்லை. எல்லாருக்கும் உந்த ஒயிலைத்தான் குடுத்தனான்."

ஆறுதல் சொல்லுறது போலத்தான் சொன்னார். அது என்ன மனம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கடை கரையில் அவரிட்டை ஒயில் வாங்கின படகுகள் ஒன்பது.