ராகுவுக்கு எந்த ஊர்க் கடிகாரம்?

சிங்கப்பூரிலிருந்து மெட்ராசுக்கு ஆயிரத்து எண்ணூறு மைல். கப்பலில் ஒரு வாரம், விமானத்தில் ஆறு மணி நேரம். அறுபதுகளில் சிராங்கூன் ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கிளம்புவது பெண்பிள்ளை என்றால் போதும், மைல்கள் தாமாக நீண்டுவிடும்.

எனக்கு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை நேரில் நிற்காவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். செய்தி வந்ததே அதற்கு முந்தைய வியாழன்தான். கப்பலை நம்பினால் கோவிந்தா! அம்மா வளையல்களைக் கழற்றிக்கொண்டு தேக்கா நகைக்கடைப் பக்கம் போனாள்; திரும்பி வரும்போது கையில் விமான டிக்கெட் இருந்தது.

அப்பா போன பிறகு நாங்கள் இருந்தது அவருடைய அண்ணனான பெரியப்பாவின் வீட்டில்; அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

"அடுத்த வருஷம் துணையோட கப்பல்ல போகட்டும்லா. இப்ப என்ன அவசரம்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷத்துக்குள் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை காலை பாய லேபார் விமான நிலையத்துக்கு அவரும் வந்து நின்றார். வழியனுப்பத்தான் வந்தார் என்று நினைத்து ஒரு நிமிஷம் ஏமாந்தேன். கக்கத்திலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தார்.

"எட்டு மணிக்கு பிளேன். திங்கக்கிழமை ஏழரையிலேருந்து ஒம்பது ராகு காலம். ராகு காலத்துல கடல் தாண்டுவாளா ஒருத்தி? டிக்கெட்டைத் திருப்பிக் குடு."

"பஞ்சாங்கம் மெட்ராஸ்ல அச்சடிச்சது பெரியப்பா. எட்டு மணிக்கு இங்க பிளேன் கிளம்பறப்ப அங்க மணி ஆறுதான். ராகு இன்னும் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டாரு."

"வாய்க்கொழுப்பைப் பாரு! ராகு இந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் பாப்பாரு."

"அப்ப நடுக்கடலுக்கு மேல எந்தக் கடிகாரத்தைப் பாப்பாரு?"

பக்கத்து வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முகம் சிவந்துபோய், "இப்ப ஏறினேன்னா, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே!" என்று கத்தினார்.

பயணிகளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் கால் நகரவில்லை. என்னைத் துரத்துவதாக இருந்தால் துரத்திக்கொள்ளட்டும். அந்த வீட்டில் அம்மா இருக்கிறாளே, அவளை இவரிடம் விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, டிக்கெட் கவுண்டரில் இருந்தவரிடம் போனாள். "தம்பி, மெட்ராஸ் போய்ச் சேர எவ்வளவு நேரம்?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"ஆறு மணி நேரம்மா."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் அதேதாம்மா."

அம்மா பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"மெட்ராஸ்ல எங்கப்பா சாகக் கிடக்கிறாருன்னு தந்தி வந்தப்ப, கப்பல்ல போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், அழுதுட்டு இங்கயே இருன்னீங்க. இந்த பிளேன் அப்பவும் பறந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு, பெரியத்தான்."

அவர் பஞ்சாங்கத்தை மூடிக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"நீ ஏறுடி" என்றாள் அம்மா. "அவர் வீட்டு வாசப்படியை நானும் இனிமே மிதிக்கப் போறதில்லை."