பின் சீட்டின் அடிப்பக்கம்

கார் சீட்டுக்கு உறை தைக்கும் வேலை கேட்டு அவள் போன முதல் பட்டறையில், "பொம்பளைக்கு விரல் தாங்காதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது பட்டறையில் அவள் கேட்கவே இல்லை. மூலையில் கிழிந்து கிடந்த சீட்டை இழுத்துப்போட்டுத் தைக்கத் தொடங்கிவிட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கு அவள் ஊசி. வாயையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

புருஷன் வாடகைக் கார் ஓட்டினான். ஒரு நாள் இருட்டுகிற நேரம், கடைத்தெருவில் லாரி புரோக்கர் ஒருவரை யாரோ காரிலிருந்து சுட்டுவிட்டுப் போனார்கள். ஆள் பிழைக்கவில்லை. அதே நிறக் கார் என்று இவனை மறித்தது போலீஸ். பின் சீட்டின் அடித்துணியைக் கிழித்து, உள்ளேயிருந்து துப்பாக்கியை எடுத்ததாக எழுதிக்கொண்டார்கள். எதிர்ச்சாரிப் பழக்கடைக்காரர் சுட்டது இவன்தான் என்றார். ஆயுள் தண்டனை.

அந்தச் சீட்டை அதே வாரம்தான் அவள் மாற்றித் தைத்திருந்தாள்.

விசாரணை நடக்கும்போதே காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடித்துணி குறுக்கே கிழிந்து நுரை பிதுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கிழிசல் இருந்த சுவடே தெரியாமல் தைத்துவிட்டாள். மறுநாள் அளவு டேப்போடு வந்த புருஷனின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"துப்பாக்கி நுழையற கிழிசலான்னு அளக்க வந்தேன். அளக்க ஒண்ணுமே வைக்கலையேம்மா!"

"நாலு விரல்தான் சார் இருந்துச்சு. அதுல துப்பாக்கி நுழையாது."

"அதை இப்ப கோர்ட்டுல யாரு நம்புவா?"

ஆறு வருடம் கழித்து அப்பீல் விசாரணைக்கு வந்தது. புதுச் சாட்சி கிடையாது, கேஸ் கட்டுக்குள் இருக்கும் காகிதம் மட்டும்தான் பேசும் என்றார் வக்கீல். "அப்ப காகிதத்தைக் காட்டுங்க" என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு போட்டோவில் அவள் விரல் நின்றது. காரை மறித்த இடத்திலேயே போலீஸ் எடுத்தது. கழற்றிய பின் சீட்டை நிமிர்த்தி வைத்து, அதன் முன்னால் தரையில் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். சீட்டின் அடிப்பக்கம் முழுதும் தெரிந்தது.

"சார், துப்பாக்கி வெளிய கிடக்கு. துணி கிழியவே இல்ல."

வக்கீல் கண்ணாடியைத் தேடினார். "இத்தனை வருஷமா இதை சீட்டுன்னு மட்டும்தான் பார்த்திருக்கேன்."

"துணியை இழுத்துப் பிடிக்க நான் போட்ட கம்பி வளையம் ஒண்ணுகூட நகரலை பாருங்க. அந்தப் பழக்கடைக்காரர்?"

"ஸ்டேஷன்ல ஆளைக் காட்டிட்டு, அப்புறம் கோர்ட்டுல அடையாளம் கேட்டிருக்காங்க. பல பேரோட நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்ற அணிவகுப்பே நடத்தலை. நானா இருந்தாலும் சரியா சொல்லியிருப்பேன்."

விசாரணையன்று வக்கீல் எழுந்ததுமே மூத்த நீதிபதி குறுக்கிட்டார். குற்றத்தைப் பற்றி வாதாடாமல், தண்டனையைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்டால், கழிந்த ஆறு வருடத்தோடு விடலாமா என்று யோசிக்கலாம். மதியம் பதில் சொல்லுங்கள் என்றார்.

வராந்தாவில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரின்னு சொல்லிடுடி. நாளைக்கே வீட்டுல இருப்பான்."

"கொலைகாரன்னு பேரோட இருப்பாரு அத்தை."

"பேரு சோறு போடுமா?"

"அவருக்குப் போடும். கொலைகாரனை நம்பி எவன் கார் சாவியைக் குடுப்பான்?"

"பிடிவாதத்துக்கு என் பிள்ளையா கிடைச்சான்?"

சிறையில் கடைசியாகப் பார்த்தபோது புருஷன் சொன்னதை அவள் நினைத்துக்கொண்டாள்: "கேள்வி வந்தா நீயே பதில் சொல்லு. உள்ள இருக்கறவன் புத்தி வெளிய வரதை மட்டும்தான் நினைக்கும்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுக்கம்மா. தோத்தா இதுவும் போயிடும்."

"யோசிச்சுட்டேன். செய்யாததுக்குத் தண்டனையைக் குறைங்கன்னு எப்படி சார் கேக்கறது? வாதாடுங்க."

மதியம் அவர் வாதாடினார். அசல் போட்டோவை வாங்கி இரண்டு நீதிபதிகளும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இளையவர் அரசு வக்கீலைக் கேட்டார்: "துப்பாக்கியை எடுத்தாச்சு. கிழிசல் எங்க?" அரசு வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். தீர்ப்பைத் தேதி குறிக்காமல் தள்ளி வைத்தார்கள்.

இரண்டு மாதமாகிறது. மாமியார் அவளோடு பேசுவதில்லை. அவள் ஆக்கியதைச் சாப்பிடுகிறாள், சுவரைப் பார்த்துத் திட்டுகிறாள். இன்று காலையும் சுவரைத்தான் கேட்டாள்: "தள்ளுபடின்னு வந்தா என்ன பண்ணுவாளாம்?"

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல இன்னொரு கோர்ட்டு இருக்கு அத்தை. அங்கேயும் அந்த போட்டோவோட போய் நிப்பேன்."